தெரியாது என்று சொல்லாதவள்

அவளிடம் எதைக் கேட்டாலும் பதில் இருக்கும். எனக்கு அவளிடம் முதலில் பிடித்துப்போனது அதுதான். பிற்பாடு நான் நினைத்து நினைத்து அழுததும் அதற்காகத்தான்.

இரண்டு பேருமே புதுக்கோட்டை சமஸ்தானத்துக்காரிகள். நான் டவுன், என் அப்பாவுக்குக் கீழராஜ வீதியில் ஜவுளிக்கடை. அவள் ஆலங்குடியைத் தாண்டி, பஸ்ஸை விட்டு இறங்கிக் கடலைக்கொல்லைகளுக்கு நடுவே வெகுதூரம் நடக்க வேண்டிய ஓர் ஊர். சென்னையில் பெண்கள் விடுதியில் எங்களை ஒரே அறையில் போட்டார்கள். ஒரே சீமைக்காரிகள் என்றால் சண்டை போடமாட்டார்கள் என்று வார்டன் அம்மா நினைத்திருக்க வேண்டும். நான் சரித்திரம் எடுத்திருந்தேன். உள்ளதைச் சொன்னால், கல்யாணம் கொஞ்சம் தள்ளிப்போகட்டும் என்றுதான் எடுத்திருந்தேன். அவள் பொருளாதாரத்தில் ஆனர்ஸ். அதிலும் சர்வதேச வர்த்தகம்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கியிருந்தாள். அந்த வகுப்பில் பையன்களுக்கு நடுவே பெண்கள் பெஞ்சு என்று ஒன்று கிடந்தது. அதில் பெரும்பாலும் இவள் ஒருத்திதான் உட்கார்ந்திருப்பாள். பையன்கள் அவளுக்கு ‘ஹார்பர்’ என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். அது காதில் விழுந்தால் அவளுக்கு உள்ளூரச் சந்தோஷம்.

எந்த நாட்டுக்காரன் எதை விற்றால் உனக்கென்ன, இதற்கு ஒரு படிப்பா என்று முதல் நாளே நான் வாயைக் கொடுத்தேன். அவள் என் தலையிலிருந்து ஆரம்பித்தாள். கொண்டை ஊசி ஜப்பான். கண்ணாடி வளையல் செக்கோஸ்லோவாக்கியா. குடைக்கம்பி இங்கிலாந்து. நான் ஊரிலிருந்து கொண்டுவந்த அதிரசத்தில் ஜாவாச் சர்க்கரை கலந்திருக்கும் என்றாள். எங்கள் அம்மா வெல்லத்தில்தான் செய்வாள் என்று நான் சொல்லியும் கேட்கவில்லை. முடிக்கும்போது என் உடம்பு ஒன்றுதான் உள்ளூர்ச் சரக்கு என்று ஆகிவிட்டது.

எங்கே சுற்றினாலும் அவள் பதில் ஒரே இடத்தில் வந்து நிற்கும். யாருக்கு யார் தேவை என்று பார், மற்றதெல்லாம் தானே விளங்கும் என்பாள். விடுதிச் சமையற்காரருக்கும் வார்டன் அம்மாவுக்கும் ஒரு தடவை பெரிய தகராறு வந்தது. அவர் கரண்டியைப் போட்டுவிட்டு மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டார். நாங்களெல்லாம் ராத்திரிச் சாப்பாட்டுக்கு என்ன வழி என்று கையைப் பிசைந்துகொண்டிருக்கிறோம். இவள் அசையாமல் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே சொன்னாள்: “அவுகளுக்கு இவரு வேணும், இவருக்கு அவுக வேணும். வேணுங்கிறவுகள விட்டுருவாகளா?” சாயங்காலம் ரசம் கொதிக்கும் வாசனை வந்தது. இப்படி அவள் சொன்னது பலித்துக்கொண்டே போனதுதான் வினை. ஒன்றிரண்டு தடவை அப்போதே பொய்த்துப் போயிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

எழும்பூர் ஸ்டேஷன் வாசலில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். பூக்காரியிடம் கனகாம்பரம் வாங்கிக்கொண்டு, கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து எங்கள் சமஸ்தானத்து அம்மன் காசைக் கொடுத்துவிட்டாள். பூக்காரி திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது என்னம்மா, ரவிக்கைப் பித்தானா என்று கேட்டாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் யாரோ எவரோ என்று தள்ளிப் போய் நின்றுகொண்டேன். அவளுக்கோ புதையல் கிடைத்த சந்தோஷம். நம்ம ஊரில் இது காசு, இங்கே வந்தால் பித்தான், என்ன அருமையான விஷயம் என்று டிராம் ஏறுகிறவரை பேசினாள். மறுநாள் வகுப்பில் நாணய மாற்று பற்றிப் பேராசிரியர் கேட்டபோது அந்தக் காசையே எடுத்து மேஜைமேல் வைத்து விளக்கினாளாம். அவர் அதைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார். பிறகு வருஷா வருஷம் அந்தப் பாடத்துக்கு அம்மன் காசுதான் உதாரணம் என்று கேள்விப்பட்டேன்.

அவளைப் பெண் பார்க்க வந்த கதையை அவளே நடித்துக் காட்டுவாள். திருச்சிப் பக்கத்திலிருந்து ஒரு வாத்தியார் மாப்பிள்ளை. அவருடைய தகப்பனார் உட்கார்ந்ததும் உட்காராததுமாக, எங்கள் வீட்டில் எல்லாம் கதர், அந்நியச் சாமான் வாசற்படி ஏறாது என்று பெருமையடித்திருக்கிறார். காபியோடு வந்தவள் சும்மா போயிருக்கலாம். அவர் கையிலிருந்த கடிகாரம், மூக்குக்கண்ணாடி, வெளியே நிறுத்தியிருந்த சைக்கிள் என்று ஒவ்வொன்றாகக் கப்பலேற்றிவிட்டாள். வந்தவர்கள் பணியாரத்தைத் தின்றுவிட்டுப் போனவர்கள்தான், ஒரு தகவலும் இல்லை. அவளுடைய ஆத்தா தலையில் அடித்துக்கொண்டாராம். வீட்டுக்குள் நின்று கேட்டுக்கொண்டிருந்த தம்பி, சிரிப்பை அடக்க முடியாமல் கொல்லைப்பக்கம் ஓடிப்போய் வைக்கோல் படப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டானாம்.

அந்தத் தம்பி அவளுக்கு இரண்டு வயது இளையவன். எஸ்.எஸ்.எல்.சி.யில் நல்ல மார்க்கு வாங்கினவன். அவனும் கல்லூரிக்குப் போயிருக்க வேண்டியவன்தான். இரண்டு பேரைப் படிக்கவைக்க அந்தக் கடலைக்கொல்லை தாங்காது. அவனே முந்திக்கொண்டு, அக்கா படிக்கட்டும், நான் சம்பாதிக்கிறேன் என்று சொல்லிவிட்டான். பொன்னமராவதிக்காரர் ஒருவர் ரங்கூனில் அரிசி ஆலையொன்றில் கணக்கராக இருந்தார். அவர் சிபாரிசில் அதே ஆலையில் குமாஸ்தா வேலை கிடைத்தது. அவன் அனுப்பிய பணத்தில்தான் இவள் சென்னையில் படித்தாள்.

பணம் மட்டுமா? இவள் படிப்புக்கே அவன்தான் கண். துறைமுகத்தில் எந்த நாட்டுக் கப்பல் நிற்கிறது, அரிசி எங்கெங்கே போகிறது, திரும்பும்போது கப்பல் எதை ஏற்றிக்கொண்டு வருகிறது என்று கேட்டுக் கேட்டு எழுதுவாள். அவன் சலிக்காமல் போய்ப் பார்த்துப் பதில் போடுவான். பேராசிரியருக்கே தெரியாத விவரமெல்லாம் இவள் கட்டுரையில் இருக்கும். தம்பியின் கடிதங்கள் எல்லாம் ஒரே மாதிரி முடியும். உன் கேள்வியெல்லாம் தீர்ந்ததா, நான் நல்லா இருக்கேனான்னு கேக்க இந்தத் தடவையும் மறந்துட்டே என்று எழுதியிருப்பான். அதை எனக்கு உரக்கப் படித்துக் காட்டிச் சிரிப்பாள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

ஜெர்மனிக்காரனிடம் பிரான்ஸ் வீழ்ந்தபோது எங்கள் பக்கத்துக் கடலையைக் கேட்பாரில்லாமல் போயிற்று. அதுவரை அது அந்த நாட்டு மார்சேல்ஸ் துறைமுகத்துக்குப் போய், எண்ணெயாகிச் சோப்பாகிக் கொண்டிருந்தது. அவள் வீட்டில் மூட்டைகளுக்கு நடுவில்தான் படுத்து எழுந்தார்கள். ஊரார் அவளைத் தேடி வந்து கேட்டார்கள். சோப்பும் எண்ணெயும் இல்லாமல் எந்த ஊரும் இருக்காது, பாதை மாறுமே தவிரத் தேவை மாறாது, கொஞ்சம் பொறுங்கள் என்றாள். தாமதமானாலும் செக்குக்காரர்கள் வாங்க வந்தார்கள். அதிலிருந்து அவளுடைய அய்யாவுக்கு மகள் வாக்குத்தான் வேதம். மாடு வாங்குவதா விற்பதா என்பதைக்கூட, நீ சொல்லு தாயி என்று அவளிடம் கேட்டார்.

மறு வருஷம் தீபாவளி விடுமுறைக்கு நான் அவள் ஊருக்குப் போயிருந்தேன். அவர்கள் வேதக்காரர்கள், மாதா கோயிலுக்குப் போகிறவர்கள், தீபாவளி கிடையாது. என்னை உத்தேசித்து ஆத்தா அதிரசம் சுட்டார். அன்றைக்குத் தபாலில் தம்பியின் கடிதம் வந்தது. ஜப்பான்காரன் வருவான் என்று இங்கே ஒரே பேச்சாக இருக்கிறது, சிலர் குடும்பத்தை ஊருக்கு அனுப்புகிறார்கள், நான் வரட்டுமா இருக்கட்டுமா, அக்காவைக் கேட்டு எழுதுங்கள் என்று இருந்தது. ஆலையில் விடுப்புக் கொடுப்பார்கள், கப்பலும் கிடைக்கும் என்றும் எழுதியிருந்தான். அய்யா கடிதத்தை மடித்து அவள் கையில் கொடுத்துவிட்டு, வழக்கம்போலக் கேட்டார்.

அவள் தரையில் விரலால் கோடு போட்டு விளக்கினாள். இது ரங்கூன், இது சென்னை, இது கொழும்பு, இது சிங்கப்பூர். இத்தனை ஊருக்கும் அடுப்பு எரிவது அந்த அரிசியால். அந்தத் துறைமுகம் போனால் வெள்ளைக்காரனுக்கு இந்தப் பக்கமே போன மாதிரி. அவன் எதை விட்டாலும் அதை விடமாட்டான் என்றாள். எனக்குக்கூட அது மிகச் சரியாகப் பட்டது. அய்யாவின் முகத்தில் பெருமை தாங்கவில்லை.

ஆத்தா மட்டும் அடுப்படியிலிருந்து வந்து நின்றார். “எனக்கு அந்தக் கோடெல்லாம் தெரியாது தாயி. புள்ளைய வரச் சொல்லி எழுது.”

“பயப்படாத ஆத்தா. அவுகளுக்கு அந்தத் துறைமுகம் வேணும். அது இருக்கிற வரைக்கும் தம்பிக்கு ஒண்ணும் ஆகாது” என்று சொல்லி ஆத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பயப்பட ஒன்றுமில்லை, இருந்து வேலையைப் பார் என்று அவளே பதில் எழுதினாள். மறுநாள் நாங்கள் இருவரும் நடந்துபோய் ஆலங்குடியில் தபாலில் சேர்த்தோம். வழியெல்லாம் அவள் வரப்போகும் பரீட்சையைப் பற்றித்தான் பேசினாள்.

கிறிஸ்துமஸ் நெருங்குகையில் ரங்கூனில் குண்டு விழுந்தது. அதன் பிறகு தம்பியிடமிருந்து ஒரு வரி இல்லை. விடுதியில் ரேடியோ இருந்த கூடத்தில் அவள் நின்றுகொண்டே இருப்பாள். உட்காரச் சொன்னால் உட்காரமாட்டாள். மார்ச்சில் ரங்கூனும் போய்விட்டது. அந்த வாரமா அடுத்த வாரமா, அவளுக்குப் பரீட்சை. வினாத்தாள் முன்கூட்டியே அச்சாகியிருக்கும் போலிருக்கிறது, இந்தியாவுக்கும் பர்மாவுக்கும் உள்ள வர்த்தகத்தின் எதிர்காலம் என்று ஒரு கேள்வி வந்திருந்தது. விட்டுவிட்டு வேறு கேள்வி எழுதியிருக்கலாம். அவள் அதைத்தான் எழுதினாள். வெளியே வந்ததும், எல்லாருக்கும் முன்னால் முடித்துவிட்டேன், எல்லாம் தம்பி எழுதினதுதான் என்றாள். முதல் வகுப்பில் தேறினாள் என்று பிற்பாடு தெரிந்தது. அவள் அந்தப் பட்டத்தை வாங்கப் போகவே இல்லை.

பரீட்சை முடிந்த கையோடு சென்னையும் காலியாக ஆரம்பித்தது. நாங்கள் ஊர் வந்து சேர்ந்தோம். அவள் தன் ஊருக்குப் போகாமல் எங்கள் வீட்டில் தங்கினாள். பர்மாவிலிருந்து தப்பி வந்தவர்கள் ரயிலில் வந்துகொண்டிருந்தார்கள். காரைக்குடிப் பக்கம் போகிறவர்கள் பலர், புதுக்கோட்டையில் இறங்கிப் பொன்னமராவதிக்குப் போகிறவர்கள் சிலர். ஒவ்வொரு வண்டிக்கும் அவள் ஸ்டேஷனுக்குப் போவாள், துணைக்கு நானும் போவேன். பெட்டி பெட்டியாக ஓடி ஜன்னலில் கேட்பாள். ரங்கூனா? எந்த ஆலை? வந்தவர்களைப் பார்க்கவே பயமாக இருக்கும். காலெல்லாம் புண், உடம்பில் துணி என்று பெயருக்கு ஏதோ. என் அப்பா கடையிலிருந்து துண்டுகள் கொடுத்தனுப்புவார். அவள் ஒரு கையால் துண்டைக் கொடுத்துக்கொண்டே தம்பியின் அடையாளம் சொல்வாள். உயரம், சுருட்டை முடி, சிரிச்சுக்கிட்டே பேசுவான்.

வண்டி போனபின் ஒரு நாள் காலி பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்தோம். அவள் என்னைப் பார்க்காமல் பேசினாள். “படிச்சத வச்சுத்தான் சொன்னேனா, இல்ல அவன் வந்துட்டா என் படிப்பு நின்னுரும்னு சொன்னேனா? எனக்கே பிடிபடல புள்ள. உனக்குத் தெரிஞ்சாச் சொல்லு.”

படித்ததை வைத்துத்தான் சொன்னாய் என்று நான் உடனே சொன்னேன். அவள் நம்பவில்லை. இன்றைக்கு யாராவது அதே கேள்வியை என்னிடம் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் அவளுக்கு நான் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை.

பின்னாளில் அவள் புதுக்கோட்டையிலேயே ஒரு பெண்கள் பள்ளியில் பூகோளம் கற்பித்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நடந்ததைக் கேட்டால் நன்றாகச் சொல்லிக்கொடுப்பாள். நடக்கப்போவதை யாரும் அவளிடம் கேட்க முடியாது. மழை வருமா டீச்சர் என்று ஒரு குழந்தை கேட்டால்கூடத் தெரியாதும்மா என்பாள். வானம் அப்போது இருட்டிக்கொண்டு நிற்கும். பிள்ளைகள் அவளுக்கு ‘தெரியாது டீச்சர்’ என்று பெயர் வைத்துச் சிரித்தார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சிரிக்கத்தானே செய்யும்.

நாங்கள் ஸ்டேஷனில் காத்துக்கிடந்த அந்த வருஷமே, ஆனி மாதத்தில் ஒரு மத்தியான வண்டியில் மொட்டைத் தலையும் கோணிப்பையுமாக ஒருவர் இறங்கினார். பொன்னமராவதிக்கு பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டார். அவள் ஆலையின் பெயரைச் சொல்லி விசாரித்தாள். அவர்தான் அந்தக் கணக்கர், தம்பிக்கு வேலை வாங்கிக் கொடுத்தவர். அவர் இவளைப் பார்த்ததில்லை. யாரோ தெரிந்தவர்கள் விசாரிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, அங்கேயே ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

தைமாதம் இரண்டு பேருக்கும் கப்பலில் இடம் கிடைத்ததாம். துறைமுகத்தில் கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் அழுதுகொண்டு நிற்க, தம்பி தன் சீட்டை அவர்களிடம் கொடுத்துவிட்டான். அவனைத் தனியே விட மனமில்லாமல் இவரும் கொடுத்துவிட்டார். பிறகு கப்பலே இல்லை. மலை ஏறி நடந்தார்கள். காலராவில் ஆள் ஆளாக விழுந்துகொண்டிருந்தார்கள். கடைசி மலைக்கு இந்தப் பக்கம், ஓர் ஓடைக் கரையில் அவனும் விழுந்தான். இவர்தான் மண்ணைப் பறித்து மூடிவிட்டு வந்தார்.

“ஆலையில மூட்டை மூட்டையா அரிசிய விட்டுட்டு வந்தோம்மா. நடக்கையில ஒரு பிடி சோத்துக்கு வழியில்ல. கடைசியில அந்தப் புள்ள எலையத் தின்னுச்சு” என்றார்.

நான் அவள் கையைப் பிடித்தேன். அவள் குரல் மாறாமல் கேட்டாள்: “எதுக்குண்ணே சீட்டக் குடுத்தான்?”

“அவுக அக்கா எழுதியிருக்குதாம்மா, துறைமுகத்த விடமாட்டாகன்னு. அடுத்த கப்பல் வரும், அதுல போவோம்னான். பட்டணத்துல இதையே படிக்கிற புள்ள, அது சொன்னா சரியா இருக்கும்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டே இருந்தான்.”

“நடக்கையில அக்கா மேல கோவமா இருந்தானா?”

அப்போதுதான் அவருக்கு விளங்கியது. எழுந்து நின்றுவிட்டார். “கோவமா? இல்லம்மா. ஊருக்குப் போயி அக்காகிட்ட இந்தப் பாதையச் சொல்லணும், இது அது புஸ்தகத்துல இருக்காதுன்னு சொன்னான்” என்றார். அதைச் சொல்லிவிட்டு அந்த மனுஷர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அவள்தான் அவரை பஸ்ஸில் ஏற்றிவிட்டாள்.

மறுநாள் காலையில் நாங்கள் இருவரும் ஆலங்குடி பஸ்ஸில் போனோம். கொல்லைகளில் ஏர் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டு முற்றத்தில் ஆத்தா விதைக்கடலை உடைத்துக்கொண்டிருந்தார். அய்யா கலப்பையைச் சரிசெய்துகொண்டிருந்தவர் எங்களைக் கண்டதும் எழுந்தார். அவள் ஆத்தாவுக்கு எதிரே போய் உட்கார்ந்தாள். கணக்கரைப் பார்த்ததை, கப்பல் சீட்டை, தான் எழுதியதை நம்பி அவன் நின்றதை, மலையை, ஓடையை எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். தன் பங்கில் ஒன்றையும் குறைக்கவில்லை. அய்யா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆத்தா அழுது புரளுவார் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். அவர் மடியிலிருந்த கடலையை ஒவ்வொன்றாக உடைத்துக்கொண்டிருந்தார்.

பிறகு தலை நிமிர்ந்து மகளிடம் ஒன்றே ஒன்று கேட்டார். “கடைசியில புள்ளைக்குச் சோறு கெடச்சுச்சாமா?”

அவள் கண்ணிமைக்காமல் ஆத்தாவைப் பார்த்தாள்.

“கெடச்சுச்சு ஆத்தா. யாரோ வடிச்சுக் குடுத்தாகளாம். வயிறு நெறையச் சாப்புட்டுட்டுத்தான் படுத்தானாம்.”

“சுடுசோறா?”

“சுடுசோறுதான் ஆத்தா.”

ஆத்தா தலையை ஆட்டிக்கொண்டார். முந்தானையால் மகளின் முகத்தைத் துடைத்துவிட்டார். அவள் முகத்தில் துடைக்கக் கண்ணீரே இல்லை.